பெங்களூரு – சான் ஃபிரான்சிஸ்கோ: 14,000 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு ஐயா கேட்டிருக்கிறார். மகளுக்குத் தலைப்பிரசவம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் முதல் தடவையாக சான் ஃபிரான்சிஸ்கோ போகிறார்கள். பெங்களூரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தேடினால் ஒரு தளம் 13,990 கி.மீ., 17 மணி 53 நிமிடம் என்கிறதாம். இன்னொன்று அதே தூரத்தைப் போட்டு 16 மணி நேரம் என்கிறதாம். நேரடி விமானத்தில் போய்வந்த உறவுக்காரரோ போக 16, வர 17½ என்கிறார். "தூரம் ஒன்றுதானே, நேரம் எப்படி மூன்றாக வரும்? யாரை நம்புவது?" என்பது கேள்வி.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை ஐயா. ஆனால் நம்பவேண்டியது உறவுக்காரரைத்தான். தளங்கள் இரண்டும் வகுத்துப் பார்த்துச் சொல்கின்றன, அவர் உட்கார்ந்து போய்விட்டு வந்து சொல்கிறார். நான் கிருஷ்ணகிரியில் இருபது வருடத்துக்கு மேல் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன், கல்லூரியில் எடுத்தது புவியியல். அதனால் இந்த மாதிரி கேள்வி வந்தால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம். வீட்டில் பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். பூ கட்டுகிற நூல் ஒரு முழம் போதும். ஒரு முனையைப் பெங்களூரில் வைத்து அழுத்திக்கொண்டு மறுமுனையை சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்து, தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே எங்கே போய் உட்காருகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. ஜப்பான், ஹவாய் பக்கம் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போகாது. தெலங்கானா, சத்தீஸ்கர் மேலே ஏறி, நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கும். வட அட்சம் 71 டிகிரி வரைக்கும் ஏறி ஆர்க்டிக் கடலின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டியபடி கலிபோர்னியா சேரும். அந்த நூலின் நீளத்தைத்தான் தளங்கள் 13,990 கி.மீ. என்கின்றன. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதைக் கணக்கில் சேர்ப்பவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் சில கிலோமீட்டர் வித்தியாசம் வரும். நாம் முழுசாக 14,000 என்று வைத்துக்கொள்வோம். அதையே மைலில் 8,700 என்றும், விமானக்காரர்கள் கடல் மைலில் ஏறத்தாழ 7,550 என்றும் சொல்வார்கள். மூன்றும் ஒரே தூரம்தான், குழம்ப வேண்டாம்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற தட்டை வரைபடத்தைப் பார்த்து இதைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் தட்டையாக விரித்தால் ஓரங்களில் கிழிகிறதல்லவா, அந்தக் கிழிசலை மறைக்க வடக்கையும் தெற்கையும் இழுத்து அகலமாக்கி வரைந்த படம் அது. அதில் நேர்கோடு போட்டால் அது உருண்டையில் சுற்றுவழி. எனக்குப் பிடித்த உதாரணம் துபாய். துபாயும் சான் ஃபிரான்சிஸ்கோவும் உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர் தீர்க்கரேகையில் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தால் அது வட துருவத்திலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளித்தான் போகும். பாலைவனத்தில் ஏறினவர் பனிக்கடலைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் தூங்காதீர்கள்.

இனி நேரம். தளங்கள் செய்வது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. முதல் தளம் வேகம் மணிக்கு 805 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறது, அதாவது 500 மைல். 13,990-ஐ அதால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டினால் 17 மணி 53 நிமிடம். இரண்டாவது தளம் 900 கி.மீ. வேகம் போட்டிருக்கும். அதே அரை மணியைக் கூட்டினால் 16 மணி 3 நிமிடம். உங்கள் இரண்டு விடைகளும் வந்துவிட்டன பாருங்கள். பெரிய விமானங்கள் உண்மையில் 900 கி.மீ. ஒட்டித்தான் பறக்கின்றன, அதனால் இரண்டாவது கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டிலுமே ஒரு பெரிய விஷயம் விட்டுப்போயிருக்கிறது. காற்று.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் வருடம் முழுக்க ஆடி மாதம்தான். பூமியின் நடு அட்சங்களில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். சாதாரணமாகவே மணிக்கு 150, 200 கி.மீ. இருக்கும், குளிர்காலத்தில் அதையும் தாண்டும். விமானத்தின் 900 கி.மீ. வேகம் என்பது அந்தக் காற்றுக்குள் அது போகும் வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேறு. கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஆற்றோடு நீந்துபவனுக்கும் எதிர்த்து நீந்துபவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். கை வீச்சு ஒன்றுதான், கரை நகரும் வேகம் வேறு.

கணக்கு போட்டுப் பாருங்கள். 14,000 கி.மீ. தூரத்தில் காற்றே இல்லை என்றால் 15½ மணி நேரம். வழி நெடுக சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் காற்று முதுகில் தள்ளினால் 14 மணி நேரம். அதே காற்று மூஞ்சியில் அடித்தால் 17½. நூறு கிலோமீட்டர் காற்றுக்கு மூன்றரை மணி நேர வித்தியாசம். நடைமுறையில் இவ்வளவு வராது, ஏனென்றால் விமானி எதிர்காற்றைத் தவிர்த்து வழியை மாற்றிக்கொள்வார். இங்கிருந்து கிழக்கே போகும்போது காற்று துணைக்கு வருகிறது, திரும்பும்போது எதிர்க்கிறது. உறவுக்காரர் சொன்ன 16-க்கும் 17½-க்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்தக் காற்றின் மகிமைக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஏர் இந்தியா தில்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகத்தான் பறந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் ஒரு நாள் அதைத் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். 15,300 கி.மீ. ஆனது. 1,400 கி.மீ. சுற்று. ஆனாலும் 14½ மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது, பழைய வழியைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். தூரம் கூடினால் நேரம் கூடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் இந்த விமானத்தைத்தான் காட்டுவேன். இதைவிடக் கூத்து 2020 பிப்ரவரியில் நடந்தது. அட்லாண்டிக்கில் புயல் வீசிய ஒரு ராத்திரி, நியூயார்க்கில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரம். (நம் ஊர் லண்டன்பேட்டையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் போக சில நாள் அதே நேரம் ஆகிறது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

சிலர் இதற்குப் பூமியின் சுழற்சியைக் காரணம் சொல்வார்கள். பூமி கிழக்கே சுற்றுகிறது, அதனால் மேற்கே போகிற விமானத்தை நோக்கி ஊரே வந்துவிடும் என்பார்கள். அப்படியானால் ஹெலிகாப்டரில் மேலே ஏறி அந்தரத்தில் நின்றாலே போதுமே, அமெரிக்கா காலுக்குக் கீழே வந்து நிற்க வேண்டுமே! ஓடுகிற பேருந்துக்குள் முன் சீட்டுக்காரர் பின் சீட்டுக்கு ஒரு மாங்காய் வீசினால் அது வேகமாகப் போவதும் இல்லை, பின்னாலிருந்து முன்னால் வீசினால் மெதுவாகப் போவதும் இல்லை. பேருந்தோடு உள்ளே இருக்கிற காற்றும் மாங்காயும் சேர்ந்தே ஓடுகின்றன. பூமியோடு அதன் காற்றுமண்டலமும் அப்படித்தான் சேர்ந்து சுழல்கிறது. சுழற்சி விமானத்துக்கு நேரடியாக ஒன்றும் செய்வதில்லை, ஜெட் ஸ்ட்ரீமை மேற்கிலிருந்து கிழக்காக வளைத்துவிடுவதில் மட்டும் அதற்குப் பங்கு உண்டு.

சரி, நூல் போன வழியிலேயே விமானம் போகுமா? போகாது. நூலுக்கு மலை தெரியாது, எல்லை தெரியாது.

திபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால் தலைக்கு மேலே இருந்து முகமூடி விழும். அதில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான். அதற்குள் விமானி 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டரில் இருக்கிறது, எங்கே இறங்குவது? அதனால்தான் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் அதைச் சுற்றிப் போகின்றன. வடக்கே இன்னொரு சங்கடம், குளிர். விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும் ரகம். துருவத்துக்கு மேலே குளிர்காலத்தில் வெளிக்காற்று அதைவிடக் குளிரும். எரிபொருளின் வெப்பநிலை ரொம்ப இறங்கினால் விமானி கொஞ்சம் கீழே வருவார், இல்லையென்றால் வேகத்தைக் கூட்டுவார். அப்புறம் இரண்டு இன்ஜின் விமானம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு விமான நிலையத்துக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரும் தொலைவில்தான் இருக்க வேண்டும் என்று விதி. சும்மா எழுதிவைத்த விதி இல்லை. 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தில் ஒரு இன்ஜினில் கோளாறு. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள மகதான் ஊரில் 216 பயணிகளோடு இறங்கிவிட்டார்கள். பிறகு வேறு விமானம் போய்த்தான் அழைத்துச் சென்றது.

எல்லைப் பிரச்சினை இதற்கெல்லாம் மேலே. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது, இந்திய விமானங்கள் பறக்கலாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியது, அதனால் தில்லியிலிருந்து மேற்கே போகிறவை தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, தூரமும் மாறவில்லை. நடுவில் யார் கதவைச் சாத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து நேரம் மாறுகிறது.

டிக்கெட்டில் அச்சடித்த நேரம் பறக்கிற நேரம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் விமானம் நிறுத்தத்திலிருந்து நகர்வது முதல் இன்னொரு ஊரில் போய் நிற்பது வரை சேர்த்துத்தான் போடுவார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதப் பெயர் வரக்கூடாது என்று கொஞ்சம் தாராளமாகவும் போட்டுவைப்பார்கள். அதனால் "முன்கூட்டியே வந்துவிட்டோம்" என்று உள்ளே அறிவிப்பு வந்தால் ரொம்பப் புல்லரிக்க வேண்டாம்.

நேரடி விமானமா, நடுவில் இறங்கிப் போவதா என்பது அடுத்தது. பெங்களூரிலிருந்து நேரடிச் சேவை 2021 ஜனவரியில்தான் தொடங்கியது. அட்டவணை அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு இருக்கிறதா பாருங்கள். துபாய் வழி என்றால் 2,700-ம் 13,000-மாக 15,700 கி.மீ. சிங்கப்பூர் வழி என்றால் ஏறத்தாழ 16,800. கூடுதல் தூரத்துக்காகப் பறக்கும் நேரம் அதிகம் போனால் மூன்று மணிதான். மீதி எல்லாம் காத்திருப்பு, அது இரண்டு மணி நேரமும் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். உங்கள் வீட்டம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் நடுவில் ஒரு இடம் இறங்கிப் போவதே நல்லது என்பேன். பதினாறு மணி நேரம் ஒரே இருக்கையில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதைவிட நடுவில் மூன்று மணி நேரம் நடப்பது மேல். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள், பணம் கேட்க மாட்டார்கள், வழி கேட்டு அலையவும் வேண்டாம். ஆனால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். மலிவு என்று இரண்டாகப் பிரித்து எடுத்தால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை.

போக 16 மணி நேரம் என்றாலும் கடிகாரம் வேறு கதை சொல்லும். நமக்கும் கலிபோர்னியாவுக்கும் குளிர்காலத்தில் 13½ மணி நேரம், கோடையில் 12½ மணி நேரம் வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். ஜனவரியில் பெங்களூரில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், அங்கே இறங்கும்போது அதே நாள் மாலை 4½. சாப்பிட்டுவிட்டு ஏறினவர் அன்றைய சாயங்கால டீக்கு மகள் வீட்டில் இருக்கலாம்.

வரும்போது அதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ – பெங்களூரு முதல் விமானத்தையே பாருங்கள். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோரும் பெண்கள், வட துருவத்துக்கு மேலாக வந்தார்கள். 2021 ஜனவரி 9 இரவு கிளம்பி, ஜனவரி 11 விடியற்காலை பெங்களூரு விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளியில் இறங்கினார்கள். பறந்தது சுமார் 17 மணி நேரம். ஜனவரி 10 எங்கே போனது என்று கேட்டால், வழியிலேயே கரைந்துபோனது.

ஐயா, இத்தனை கணக்கிலும் பிடிபடாதது நம் வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்கும் உள்ள தூரம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் 93 கி.மீ. சாலையில் சுமார் 130. சூளகிரி, ஓசூர் வரை சாலை வழுக்கிக்கொண்டு போகும். அத்திப்பள்ளி தாண்டியதும்தான் சனி பிடிக்கும். சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசல் இரண்டையும் தாண்டினவர்களுக்கு சைபீரியா ஒன்றுமே இல்லை. விடியற்காலையில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் போயிருக்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி நேரமும் ஆகியிருக்கிறது. ஓசூரில் பாகலூர் பக்கம் திரும்பி மாலூர், ஹொசகோட்டே வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். கிலோமீட்டர் பெரிதாகக் குறையாது, ஆனால் பகலில் நான் அதைத்தான் சொல்வேன். காற்றைப் பார்த்துச் சுற்றிப் போகிற விமானம் செய்வதும் அதுதானே. ஓசூரிலேயே 2,000 ஏக்கரில் வருடம் 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கி.மீ. தொலைவுக்குள் 2033 வரை புதிதாக வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. பேரன் பேத்தி காலத்தில் பார்க்கலாம்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பெட்டி வாங்குகிற கவுண்டரைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அழுதாலும் திறக்க மாட்டார்கள். ஆக, மதியம் 2 மணி விமானம் என்றால் காவேரிப்பட்டணத்தில் காலை 6 மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள். மாம்பழத்தைப் பெட்டியில் திணிக்காதீர்கள், அங்கே சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இதைச் சொன்னாலும் நம் ஊர்க்காரர்கள் கேட்பதில்லை.

திரும்பி வரும்போது டாக்ஸிக்கு எந்தத் தேதி சொல்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். டிக்கெட் தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். அப்போது நேரடி விமானம் இல்லை, நடுவில் இறங்கித்தான் வரவேண்டும். 9-ஆம் தேதி இரவு அங்கே ஏறுகிறார்கள், மறுநாள் இரவு வந்துவிடுவார்கள் என்று மனக்கணக்காகச் சொல்லிவிட்டேன். டிரைவர் ஒரு ராத்திரி முன்னதாகவே போய், பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றிருக்கிறார். காலையில் போன் போட்டு, "சார், நீங்க சொன்ன பிளேன் இன்னும் ஆகாயத்துலதான் இருக்குதாம்" என்றார். டிக்கெட்டில் "வருகை" என்ற இடத்தில் போட்டிருக்கும் தேதியை மட்டும் பாருங்கள். அது அதிகாலை 3 மணி என்றால், வண்டி கிருஷ்ணகிரியிலிருந்து முந்தின நாள் இரவு 11 மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.